போன் என்றால் உயிர். அதற்காகப் போன் கடை போடலாமா?

கேள்வி கேட்ட தம்பி எழுதியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், இதை வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும். அவருக்கு 26 வயது. கோண்டாவிலில் வீடு. ஒரு தனியார் நிறுவனத்தில் கணினியில் தரவு பதிகிற வேலை. வீட்டிலும் அயலிலும் போன், ரவுட்டர், சிசிடிவி எது பழுதானாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். இரவு 12 மணிவரை புதுப் போன்களைப் பற்றிய வீடியோக்கள் பார்ப்பார். பிடித்த துறையில் இறங்கினால் வெற்றி நிச்சயம் என்று கூட்டாளிகள் சொல்கிறார்கள். கனடாவில் இருக்கிற மாமா 15 இலட்சம் தரத் தயார். யாழ்ப்பாண நகரில் கஸ்தூரியார் வீதிப் பக்கம் ஒரு சின்னக் கடை வாடகைக்கு இருக்கிறதாம். அம்மாவோ அரச வேலைக்கு விண்ணப்பம் போடு என்கிறா. "எனக்கு இருக்கிற ஆர்வம் ஒன்றே போதுமா?" என்று கேட்டிருக்கிறார்.

ஆர்வம் வேண்டுமா வேண்டாமா என்பதில் தம்பிக்குச் சந்தேகம் இருப்பதாக எனக்குப் படவில்லை. தினமும் போனோடு கழிக்கிற இத்தனை மணித்தியாலமும் ஒரு முதலாகுமா, அதை நம்பி மாமாவின் காசிலும் தன் சம்பளத்திலும் கை வைக்கலாமா என்றுதான் அவர் யோசிக்கிறார். நல்ல யோசனை. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்தில் போன், கணினி திருத்துகிற தொழிலில் பல வருடங்களாக இருக்கிறேன். பழக வருகிற பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். உளவியல் நான் படித்த பாடம் இல்லை. அந்தப் பக்கத்து ஆய்வுகளைத் தேடி வாசித்த அளவில்தான் சொல்வேன். நான் கிட்ட நின்று பார்த்தவை சிறு கடைகளும் வீட்டோடு செய்கிற தொழில்களும். மென்பொருள் நிறுவனம் தொடங்க நினைப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். தம்பிக்கு என் பதில் ஒரு வரியில்: கடையை இப்போது எடுக்காதீர்கள், தொழிலை இந்த மாதமே தொடங்குங்கள்.

நீங்கள் எழுதியதில் இரண்டு பழக்கங்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. இரவு வீடியோ பார்ப்பது ஒன்று. அயலட்டைக்கு ஓடிப் போய்த் திருத்திக் கொடுப்பது மற்றது. இரண்டுமே போன் சம்பந்தப்பட்டவை என்பதால் இரண்டையும் "ஆர்வம்" என்று ஒரே பெயரில் எழுதிவிட்டீர்கள். முதலாவது, வாங்குகிறவருடைய பழக்கம். எந்தப் போனில் எந்தக் கமரா, எது எவ்வளவு கெதியாகச் சார்ஜ் ஏறும் என்று தெரிந்துகொள்வதில் சந்தோசம் இருக்கிறது, அதில் பிழையும் இல்லை. ஆனால் அந்தச் செயலிகள் உங்களை அங்கே பிடித்து வைத்திருக்கத்தான் செய்யப்பட்டவை. ஒரு வீடியோ முடிய மற்றது தானாக ஓடுகிறது. அங்கே நீங்கள் இரண்டு மணித்தியாலம் இருந்தீர்கள் என்பதை வைத்து உங்களைப் பற்றி எதையும் முடிவு செய்ய முடியாது. இரண்டாவது பழக்கம் அப்படி இல்லை. யாரும் காசு தராமல், யாரும் தானாக ஓடவிடாமல், நீங்களாக எழும்பிப் போகிறீர்கள். தொழிலுக்கான சாட்சி அங்கேதான் இருக்கிறது.

அதையும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டு அன்ரி "போனில் இடம் இல்லையாம்" என்று வருகிறா. நீங்கள் வட்ஸ்அப்பில் குவிந்து கிடக்கிற காலை வணக்கப் படங்களை அழித்துக் கொடுக்கிறீர்கள். அடுத்த கிழமையும் வருகிறா. அப்போது உங்களுக்கு என்ன தோன்றுகிறது? "திரும்பவுமா" என்று அலுப்பு வந்தால் அதுவும் இயல்புதான். ஆனால் ஏன் ஒவ்வொரு கிழமையும் நிரம்புகிறது என்று யோசித்து, படங்கள் தானாக இறங்குவதை நிறுத்தி, எந்தக் குழுவில் இருந்து கூடுதலாக வருகிறது என்று பார்த்து, அவவுக்கே அழிக்கப் பழக்கிவிட்டு வந்திருந்தால் அது வேறு. பழுதில் அக்கறை உள்ளவர்கள் கனபேர். அந்தப் பழுதோடு வருகிற மனிதரிலும் அக்கறை உள்ளவர்கள் குறைவு. சிறு தொழிலில் இந்த இரண்டாவது வகையினர்தான் நிலைக்கிறார்கள். இது நான் பார்த்ததை வைத்துச் சொல்வது, ஆய்வு முடிவு இல்லை.

ஆர்வத்தைப் பற்றி ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்பதையும் பார்ப்போம். ஏனென்றால் உங்கள் கூட்டாளிகள் சொல்வது பாதிதான் சரி. 2015 இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 54 தொழில்முனைவோரிடம் கிழமைக்குக் கிழமை கேள்வி கேட்டிருக்கிறார்கள். ஒரு கிழமையில் எவ்வளவு முயற்சி போட்டார்கள் என்பதை வைத்து, தொழில் மீதான அவர்களுடைய ஆர்வம் அதன்பின் எப்படி மாறும் என்று சொல்லக்கூடியதாக இருந்தது. ஆர்வம் முயற்சியைத் தரும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். முயற்சியும் ஆர்வத்தைத் தரும் என்று அது காட்டியது. அதோடு செய்த பரிசோதனையில் இன்னொன்றும் தெரிந்தது: வேலை முன்னேற வேண்டும், அந்த வேலையை அவர் தானாகத் தெரிவு செய்திருக்க வேண்டும், அப்போதுதான் முயற்சி ஆர்வமாக மாறுகிறது. 2018 இல் வந்த வேறோர் ஆய்வு, ஆர்வம் என்பது ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, அதைக் கண்டுபிடித்தால் போதும் என்று நம்புகிறவர்களைப் பற்றியது. விடயம் கடினமானதும் அவர்களுடைய விருப்பம் கெதியாக வடிந்துவிடுகிறது. ஆர்வத்தை வளர்த்தெடுக்கலாம் என்று நினைத்தவர்கள் அவ்வளவு சுலபமாக விடவில்லை. இவை இரண்டும் சிறிய ஆய்வுகள், வெளிநாட்டுச் சூழலில் நடந்தவை. எங்கள் ஊருக்கு எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பட்டறையில் பழக வந்த பிள்ளைகளைப் பார்த்ததில் எனக்கும் இதுவே தெரிகிறது. முதல் நாள் கண்ணில் மின்னலோடு வந்தவர் மூன்றாம் மாதம் நின்றுவிடுவார். வீட்டுக்காரர் சொல்லித்தான் வந்தேன் என்றவர், முதன்முதலாக ஒரு செத்த மதர்போர்ட்டை (போனின் தாய்ப்பலகையை) உயிர்ப்பித்த அன்றிலிருந்து கடை பூட்டும் வரை எழும்பமாட்டார்.

சரி, கடையில் உண்மையில் என்ன வேலை என்று பார்ப்போம். நீங்கள் பார்க்கிற வீடியோக்களில் வருகிற புதுப் போன்கள் மேசைக்கு வருவது அபூர்வம். வருவது, நாலைந்து வருடம் பழகிய போன், "சார்ஜ் ஏறுதில்லை" என்று. அப்படி வருகிறவற்றில் கணிசமானவற்றுக்குக் காரணம் சார்ஜ் துளைக்குள் அடைந்த பஞ்சும் தூசும்தான். காற்சட்டைப் பைக்குள் இருக்கிற நூல் தும்பு உள்ளே போகும். ஒவ்வொரு முறையும் வயரைக் குத்தக் குத்த அது அடியில் இறுகித் தட்டையாகும். கடைசியில் வயர் முழுவதும் உள்ளே போகாது, ஆடினால் சார்ஜ் நின்றுவிடும். போனை நிறுத்திவிட்டு, உருப்பெருக்கியின் கீழ் வைத்து, மெல்லிய பிளாஸ்டிக் குச்சியால் ஓரமாகக் கிளறினால் பஞ்சு உருண்டையாக வெளியே வரும். இரும்பு ஊசி கூடாது. நடுவில் இருக்கிற மெல்லிய நாக்கில்தான் தொடுகைகள் இருக்கின்றன, அதைச் சுரண்டினால் நல்ல போனும் பழுதாகும். ஐந்து நிமிட வேலை. இப்போது கேள்வி: வந்தவரிடம் என்ன சொல்வீர்கள்? "சார்ஜ் துளையையே மாற்றினேன்" என்று சொல்லிக் காசு வாங்கலாம், அவருக்குத் தெரியப் போவதில்லை. "தூசு அண்ணை, துப்புரவாக்கினேன்" என்று சொல்லி, எடுத்த பஞ்சைக் காட்டி, சின்னத் தொகை வாங்கலாம். இரண்டாவதைச் செய்தால் அன்றைய உழைப்பு குறையும். ஆனால் அவர் தன் மனைவியின் போனையும் தம்பியின் போனையும் உங்களிடம்தான் கொண்டுவருவார். இப்படியான ஐந்து நிமிடங்களை நாள் முழுக்கச் செய்வது உங்களுக்குப் பிடிக்குமா என்றுதான் உங்களை நீங்கள் கேட்டுப் பார்க்க வேண்டும்.

குருநகர், பருத்தித்துறைப் பக்கத்தில் இருந்து கடற்தொழில் செய்கிறவர்களின் போன்கள் வரும். உப்புக்காற்றும் உப்புத்தண்ணீரும் பட்டு, தொடுகைகளில் பச்சை பிடித்திருக்கும். அனேகமாக அதை ஏற்கெனவே அரிசிக்குள் புதைத்து வைத்துவிட்டுத்தான் கொண்டுவருவார்கள். அரிசி உப்பை எடுக்காது. அது காத்திருக்கிற நேரத்தில் உள்ளே அரிப்பு நடக்கும். உடனே நிறுத்தி, சார்ஜில் போடாமல் கொண்டுவந்தால், கழற்றி ஐசோபுரோப்பைல் அற்ககோலால் கழுவிக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. தாமதித்து வந்தால் முயன்று பார்க்கலாம், வாக்குக் கொடுக்க முடியாது. "முடியாது" என்பதைப் பொறுமையாகச் சொல்லப் பழகுவதும் இந்தத் தொழிலில் ஒரு பெரிய பங்கு.

திரை மாற்றுகிற வேலையில்தான் காசு நிற்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். ஓரளவு உண்மை. ஆனால் அதில்தான் சண்டையும் வரும். ஓலெட் திரை (புள்ளிகள் தாமே ஒளிர்கிற திரை) இருந்த போனுக்கு, பின்னால் விளக்கு எரிகிற மலிவான எல்சிடி திரை போடலாம், எரியும். ஆனால் தடிப்பு கூடும், கறுப்பு நிறம் சாம்பலாகத் தெரியும், பற்றறி முன்னையிலும் கெதியாக இறங்கும், திரைக்குள்ளேயே விரல் வைக்கிற போன் என்றால் அந்த வசதி போய்விடும். இதை முதலிலேயே சொல்லி, இரண்டு விலையும் காட்டி, அவரைத் தெரிவு செய்யவிட்டு, பில்லில் எழுதிக் கொடுத்தால் பிரச்சினை இல்லை. சொல்லாமல் போட்டுக் கொடுத்தால் இரண்டு நாளில் திரும்பி வருவார், அப்போது உங்கள் பக்கம் நியாயம் இராது. பாகங்கள் அனேகம் கொழும்பில் இருந்துதான் வரும். ஒரே பெயரில் இரண்டு மூன்று பதிப்புள்ள போன்கள் இருக்கின்றன. போனின் மாதிரி இலக்கத்தில் ஓர் எழுத்து மாறினாலும் வயர் பொருந்தாது. வாடிக்கையாளர் கடையில் நிற்பார், சாமான் பெட்டிக்குள் பிழையாக இருக்கும்.

கணக்கையும் போட்டுப் பாருங்கள். கடை வாடகை 40,000 ரூபாய் என்று வைப்போம். ஒரு திரை மாற்றினால் பாகத்தின் விலை போக 2,500 ரூபாய் கையில் நிற்கிறது என்று வைப்போம். வாடகைக்கு மட்டும் மாதம் 16 திரை மாற்ற வேண்டும். மின்சாரம், இணையம், பழுதாகித் திரும்பி வருகிற பாகம், உதவிக்கு ஒரு பொடியனின் சம்பளம், உங்கள் சாப்பாடு எல்லாம் அதற்குப் பிறகு. இந்தத் தொகைகள் உதாரணம்தான். நீங்கள் அந்த வீதியில் நாலு கடையில் விசாரித்து உண்மையான எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். முற்பணமும் அலங்காரமும் கண்ணாடி அலுமாரியும் போக 15 இலட்சத்தில் எவ்வளவு மிஞ்சும், வருமானமே இல்லாமல் எத்தனை மாதம் அதில் தாக்குப்பிடிக்கலாம் என்று பார்த்தால் உங்களுக்கே விளங்கும். வெறும் கவரும் டெம்பர் கிளாஸும் விற்று வாடகை கட்டலாம் என்று நினைப்பவர்கள், அதே சாமானை அதே வீதியில் எத்தனை பேர் விற்கிறார்கள் என்று ஒருக்கா நடந்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது, வீடியோக்களில் யாரும் கதைக்காத ஒன்று: போனுக்குள் இருக்கிற படங்கள். ஒரு பெண்பிள்ளை தன் போனைத் திருத்தக் கொடுக்கும்போது தன் வாழ்க்கையில் பாதியைக் கையில் தருகிறா. திரை மாற்றக் கடவுச்சொல் கட்டாயம் தேவை என்றில்லை. தொடுதிரை வேலை செய்கிறதா என்று அவவையே திறந்து பார்க்கச் சொல்லலாம். கட்டாயம் தேவைப்பட்டால் காரணம் சொல்லிக் கேளுங்கள், முடிந்தவரை அவவின் கண்முன்னே செய்யுங்கள், முடிந்ததும் கடவுச்சொல்லை மாற்றச் சொல்லுங்கள். இரவு கடையில் வைக்கிற போன்களைப் பூட்டி வையுங்கள். பழக வருகிறவர்களுக்கு நான் சோல்டரிங் (ஈயம் உருக்கி ஒட்டுகிற வேலை) தொடங்க முன்பே சொல்லித் தருவது இதைத்தான். இந்த ஒரு விடயத்தில் கவனமில்லாதவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இந்தத் தொழிலுக்கு வரக்கூடாது.

இப்போது உங்கள் பழக்கங்களுக்குத் திரும்பி வருகிறேன், சொல்ல வந்த முக்கியமான விடயம் அங்கேதான் இருக்கிறது. ஒரு பொருளைப் பாவிக்கிறவர், தனக்கு வந்த தொல்லையைத் தீர்க்கத் தானே செய்துகொள்கிற மாற்றத்தில் இருந்து புதுப் பொருட்கள் பிறப்பதை எரிக் வொன் ஹிப்பல் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் இருந்து எழுதி வருகிறார். எங்களுக்கு அதை ஆய்வில் படிக்கத் தேவையில்லை. 1990களில் மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டவர்கள் எங்கள் அப்பாமார். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெயும் திரியும் வைத்துப் படித்தவர்கள் இன்றைக்கு வைத்தியர்களாகவும் பொறியியலாளர்களாகவும் இருக்கிறார்கள். தொல்லை தினமும் இருந்தது, அதற்குள் கையும் பழகியது.

கிட்டடிக்கு வந்தால் 2022. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. பிள்ளைகளுக்கு இணையத்தில் வகுப்பு, வெளிநாட்டுக்கு வேலை செய்கிறவர்களுக்குக் கூட்டம், மின்சாரம் போனதும் ரவுட்டர் செத்துவிடும். என்னிடம் வந்து போகிற ஒரு பொடியன் தன் அக்காவின் வகுப்புக்காக, செத்த மடிக்கணினிப் பற்றறியைப் பிரித்து, நல்லதாக இருந்த உருளைக் கலங்கள் மூன்றைத் தொடராக இணைத்து ரவுட்டருக்குக் கொடுத்தான். கலம் ஒன்று முழுச் சார்ஜில் 4.2 வோல்ட், மூன்றும் சேர 12.6. ரவுட்டர் கேட்பது 12. கலம் ஒன்று 2,500 மில்லி அம்பியர் மணி கொள்ளும் என்றால் மொத்தம் ஏறத்தாழ 28 வாட் மணி. ரவுட்டர் 9 வாட் எடுத்தால் கணக்கில் மூன்று மணித்தியாலம், பழைய கலம் என்றால் அதைவிடக் குறைவு. அளவுக்கு மிஞ்சிச் சார்ஜ் ஏறாமல் தடுக்கிற பாதுகாப்புச் சுற்று இல்லாமல் இதைச் செய்தால் தீப்பிடிக்கும், அதனால் வாசித்த கையோடு வீட்டில் முயல வேண்டாம். அக்காவுக்குச் செய்ததைப் பார்த்துப் பக்கத்து வீடு கேட்டது, பிறகு அக்காவின் கூட்டாளிகள் கேட்டார்கள், பிறகு முன்காசு தந்தார்கள். அவனுக்குக் கடையும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. 2023 பெப்ரவரியில் நாளாந்த மின்வெட்டு நின்றதும் கேட்பவர்கள் குறைந்துபோனார்கள். அவன் அதே கைவேலையைச் சிசிடிவிக்கும் சூரிய மின் விளக்குக்கும் திருப்பிவிட்டான். அவனிடம் நான் கண்ட நல்ல விடயம், ரவுட்டர் பெட்டியில் அவன் காதல் கொள்ளவில்லை. மின்சாரம் இல்லாமல் வேலை நிற்கக்கூடாது என்பதில்தான் அவனுக்குப் பிடிவாதம் இருந்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதமளவில் 360 ஐத் தொட்டது. புதுப் போன் வாங்க இருந்தவர்கள் பழையதைத் திருத்தக் கொண்டுவந்தார்கள். போன் விற்றவர்களுக்கு அது பாழ் வருடம், திருத்தியவர்களுக்கு மூச்சு விட நேரமில்லை. பொருளில் ஆசை வைத்தவரையும் தேவையில் கண் வைத்தவரையும் அந்த வருடம் தெளிவாகப் பிரித்துக் காட்டியது.

உங்கள் கேள்விக்குள்ளேயே ஒரு தொழில் கிடக்கிறது, நீங்கள் அதைப் பொருட்படுத்தாமல் ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள்: "பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற வயதானவர்கள் வீடியோ கோல் வேலை செய்யாவிட்டால் என்னைத்தான் கூப்பிடுவார்கள்." இதை ஆற அமர யோசியுங்கள். மானிப்பாயில் ஓர் அம்மா தனியாக இருக்கிறா, மகள் ரொறன்ரோவில். இங்கே பின்னேரம் ஏழு மணி என்றால் கோடையில் அங்கே காலை ஒன்பதரை. மகள் வேலைக்குப் போகிற வழியில் அம்மாவின் முகத்தைப் பார்க்க எடுக்கிறா, போன் எடுபடவில்லை. அந்த அரை மணித்தியாலம் அந்தப் பிள்ளை படுகிற பாட்டை நினைத்துப் பாருங்கள். அம்மாவின் போனில் சத்தம் குறைந்திருக்கும், அல்லது இணையம் முடிந்திருக்கும், அவ்வளவுதான். இங்கே பழுது இருப்பது மானிப்பாயில், காசு தரக்கூடியவர் இருப்பது ரொறன்ரோவில். தேவையும் காசும் வேறு வேறு இடத்தில் இருப்பதால்தான் இதை இன்னும் அதிகம் பேர் தொழிலாக எடுக்கவில்லை என்று நினைக்கிறேன்.

மாதம் இரண்டு முறை போய் என்ன செய்யலாம்? எழுத்தைப் பெரிதாக்கி, தேவையில்லாத செயலிகளை அகற்றி, பிள்ளைகளின் படத்தை முன்பக்கத்தில் வைத்துத் தொட்டவுடன் அழைப்புப் போகிறமாதிரிச் செய்யலாம். வட்ஸ்அப்பில் இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போட்டு, ஆறு இலக்கக் குறியீட்டை யார் கேட்டாலும், மருமகன் பெயரில் கேட்டாலும், சொல்ல வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொல்லிப் பழக்கலாம். பரிசு விழுந்தது என்று வருகிற அழைப்புகளை எப்படி வெட்டுவது என்று காட்டலாம். சிசிடிவி பூட்டியவர் போட்ட தொடக்கக் கடவுச்சொல் அப்படியே இருக்கிறதா என்று பார்த்து மாற்றலாம்; அதை மாற்றாத வீடுகள் கனக்க இருக்கின்றன. படங்களின் பிரதியை வேறோர் இடத்தில் சேமித்து வைக்கலாம். இறந்துபோன ஐயாவின் குரல் பதிவு ஒரே ஒரு போனில் மட்டும் இருந்து, அந்தப் போனும் செத்து, என்னிடம் வந்து அழுதவர்களை எனக்குத் தெரியும்.

இதில் ஒரு சிக்கல், ஊரில் பொடியன் வந்து பார்த்தால் தேத்தண்ணி தருவார்கள், காசு தரமாட்டார்கள். சொந்தக்காரரிடம் கேட்க உங்களுக்கும் வாய் வராது. அதனால் காசுக் கதையை இங்கே கதைக்காமல், வெளிநாட்டில் இருக்கிற பிள்ளையோடு முதலே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள்: மாதம் எத்தனை முறை போவேன், என்னென்ன பார்ப்பேன், எவ்வளவு, பாகம் வாங்கினால் பில் அனுப்புவேன். போய் வந்ததும் என்ன செய்தேன் என்று ஒரு சிறு குரல் பதிவு அனுப்புங்கள். வங்கி வேலையில் மட்டும் கை வைக்காதீர்கள். அம்மாவின் வங்கிச் செயலியின் கடவுச்சொல் உங்களுக்குத் தெரியவே கூடாது, அவ தந்தாலும் வாங்க வேண்டாம்.

உங்கள் சொந்தப் போன் பழக்கத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். போனை மேசையில் வைத்திருந்தாலே, தொடாவிட்டாலும், யோசிக்கிற சக்தி குறைகிறது என்று 2017 இல் ஓர் ஆய்வு வந்து பிரபலமானது. பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் அதை உறுதிப்படுத்தவில்லை, அதனால் அதை நான் பெரிதாக எடுக்கமாட்டேன். 21 நாளில் பழக்கம் மாறும் என்பதும் ஆதாரமில்லாத கதை. லண்டனில் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில் ஒரு புதுச் செயல் பழக்கமாக நடுத்தரமாக 66 நாள் எடுத்தது. சிலருக்கு 18 நாளில் வந்திருக்கிறது. சிலருடைய வேகத்தை வைத்துக் கணக்கிட்டால் 254 நாள் வரை போகும். என் மேசையில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று: நுணுக்கமான சோல்டரிங் நேரத்தில் சொந்தப் போன் மற்ற அறையில் இருக்க வேண்டும். வாடிக்கையாளரின் செய்திகளுக்கு வேறு சிம், வேறு போன், நாளுக்குக் குறித்த நேரங்கள். இரவு வீடியோ நேரத்தில் பாதியை, பார்த்ததைக் கையால் செய்து பார்க்க மாற்றுங்கள். பழைய செத்த போன்கள் நாலைந்தை வாங்கி, கழற்றிப் பூட்டிப் பழகுங்கள். தொழிற்பயிற்சி அதிகாரசபை போன்ற இடங்களில் இருக்கிற என்.வி.கியூ (தேசிய தொழில் தகைமை) பாடநெறிகளையும் விசாரியுங்கள். சான்றிதழைவிட, மின் அளவுகளைப் பார்க்கிற மல்டிமீற்றரை எங்கே வைத்து என்ன பார்ப்பது என்று ஒழுங்காகப் பழகுவதுதான் அங்கே கிடைக்கிற பெரிய இலாபம்.

வேலையை விடாமல், கிழமையில் மூன்று பின்னேரம் மட்டும் எடுங்கள். திருத்த வேலையும் வயதானவர்களின் வீடுகளும் என இரண்டையும் தொட்டுப் பாருங்கள். ஒரு கொப்பியில் யார் வந்தார், என்ன பழுது, எவ்வளவு தந்தார், திரும்ப வந்தாரா, யார் சொல்லி வந்தார் என்று எழுதுங்கள். இலவசமாகச் செய்ததையும் எழுத வேண்டும். ஆறு மாதத்தில் அந்தக் கொப்பி உங்களுக்குச் சொல்வதை நானோ உங்கள் கூட்டாளிகளோ சொல்ல முடியாது. உங்களைத் தெரியாதவர்கள், தெரிந்தவர் சொல்லிக் காசு தந்து வரத் தொடங்கினால் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்து, அந்தப் பெயரில் வங்கிக் கணக்குத் திறவுங்கள். கடை எடுக்கிற நாள் வந்தால் மாநகரசபை அனுமதியும் பார்க்க வேண்டும். வரி விடயத்தை ஒரு கணக்காளரிடம் கேளுங்கள், நான் அதற்கு ஆள் இல்லை.

26 வயதில் பிந்திவிட்டோமோ என்ற பயம் உங்கள் எழுத்தில் தெரிகிறது. அமெரிக்கத் தரவுகளை வைத்து 2020 இல் வெளியான ஆய்வு ஒன்றில், மிக வேகமாக வளர்ந்த நிறுவனங்களைத் தொடங்கியவர்களின் சராசரி வயது 45. அதே துறையில் முன்பே வேலை செய்தவர்களுக்கு வாய்ப்புக் கூட. உங்களுக்குக் காலம் இருக்கிறது, அந்தக் காலத்தில் சேர்க்க வேண்டியது அனுபவம். அம்மா சொல்கிறமாதிரி அரச வேலைக்கும் விண்ணப்பம் போடுங்கள். அதற்கும் இதற்கும் ஒரு பகையும் இல்லை, அம்மாவுக்கும் நிம்மதி. வேலை கிடைத்தால், வெளியில் தொழில் செய்ய அனுமதி எப்படி என்று நியமனக் கடிதத்தோடு கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

மாமாவிடம் 15 இலட்சத்தை இப்போது வாங்க வேண்டாம். அவருடைய அம்மா, உங்கள் அம்மம்மா, கோப்பாயில் தனிய இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த ஞாயிறு அங்கே போய் போன், ரவுட்டர், கமரா மூன்றையும் ஒழுங்காகப் பாருங்கள். பார்த்ததை மாமாவுக்கு அனுப்பி, மாதக் கட்டணம் இவ்வளவு என்று எழுதிக் கேளுங்கள். அவர் சம்மதித்தால், அந்தத் தெருவில் பிள்ளைகள் வெளிநாட்டில் உள்ள வேறு எந்த வீட்டை அவருக்குத் தெரியும் என்றும் அதே செய்தியில் கேட்டுவிடுங்கள்.